களஞ்சியம் எப்போது வீடாகிறது?

ஆங்கிலத்தின் 'பார்ன்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'பெரே' என்பது வாற்கோதுமை. 'ஆர்ன்' என்பது வீடு அல்லது இடம். இரண்டும் சேர்ந்து, பேச்சில் தேய்ந்து, இன்றைய ஒற்றையசைச் சொல்லாயிற்று. தமிழில் இதற்கு முழுதும் இணையான ஒரு சொல் இல்லை. களஞ்சியம் தானியத்தை மட்டும் குறிக்கும். தொழுவம் மாட்டை மட்டும் குறிக்கும். கதிரடிப்பு, வைக்கோல், மாடு, கலப்பை எல்லாவற்றுக்கும் ஒரே கூரை தந்த அந்தக் கட்டடத்தை, வேறு வழியின்றி, இங்கே களஞ்சியம் என்றே அழைக்கலாம். தானியம் குடியிருந்த அந்த வீட்டில் மனிதர் குடியேறலாமா என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் சட்டம் தேடிய விடை, சட்டம் படிப்பவர்களைக் காட்டிலும் மொழி படிப்பவர்களுக்கு அதிகம் உரியது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும். 1947-ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்திற்குப் பிறகு, நிலத்தை உடைமையாகக் கொண்டிருப்பதும் அதில் கட்டும் உரிமையும் அந்நாட்டில் வெவ்வேறாயின. நிலம் உழவருடையது, அதை எதுவாக ஆக்கலாம் என்ற முடிவு ஊராட்சி அமைப்பினுடையது. கட்டுவது மட்டுமன்று, பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும் அச்சட்டத்தின் பார்வையில் 'மேம்பாடு'தான். ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமல், களஞ்சியத்தில் கட்டிலும் அடுப்பும் வைத்து நிலையாகக் குடியேறினாலும் அனுமதி வேண்டும்.

2014 ஏப்ரலில் இதற்கு ஒரு விலக்கு வந்தது. அடுத்த ஆண்டு வெளியான பொது அனுமதி ஆணையில் அது 'கியூ வகுப்பு' என்ற பெயர் பெற்றது. வேளாண் கட்டடத்தை வீடாக மாற்ற முழுமையான திட்ட அனுமதி தேவையில்லை. 'முன் ஒப்புதல்' போதும். சாலை, இரைச்சல், மண்ணில் கலந்த நச்சு, வெள்ள அபாயம், அமைவிடம், வெளித்தோற்றம் போன்ற சில குறிப்பிட்ட கேள்விகளை மட்டுமே ஊராட்சி கேட்கலாம். விடை சொல்ல 56 நாள் அவகாசம். ஒப்புதல் கிடைத்தபின் 3 ஆண்டுகளுக்குள் பணி முடிய வேண்டும். தொடக்கத்தில் ஒரு பண்ணைக்கு 3 வீடுகள், மொத்தம் 450 சதுர மீட்டர் என்றிருந்த வரம்பு, 2018-இல் 5 வீடுகளாக உயர்ந்தது. 2024 மே மாதத் திருத்தத்தில் 10 வீடுகள், மொத்தம் 1000 சதுர மீட்டர், ஒவ்வொன்றும் 150-க்கு மிகாமல் என்றாயிற்று. இது இங்கிலாந்துக்கு மட்டுமான ஆணை. வேல்சுக்கோ ஸ்காட்லாந்துக்கோ பொருந்தாது.

இந்த எண்களின் பின்னால் எத்தகைய வாழ்க்கை நிற்கிறது என்பதை அறிய ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். தந்தைக்கு எழுபது வயது. பண்ணை வீட்டில் அவரும் மனைவியும் இருக்கிறார்கள். மகள்தான் இப்போது மாடுகளைப் பார்க்கிறாள். ஆனால் அவள் கணவனோடும் குழந்தைகளோடும் இருபது மைல் தொலைவிலுள்ள சிறுநகரத்தில் வாடகைக்கு இருக்கிறாள், ஏனெனில் அந்த ஊரில் வீடு வாங்க அவளால் இயலாது. முற்றத்தின் மறுபுறம் ஒரு களஞ்சியம் காலியாக நிற்கிறது. அதன் கதவுகள் இன்றைய இயந்திரங்களுக்குப் போதா. அந்தக் கட்டடம் வீடானால் பண்ணைக்கு அடுத்த தலைமுறை உண்டு. ஆகாவிட்டால் ஒருநாள் பண்ணையே விலைபோகும். இவர்களுக்கு கியூ வகுப்பு வெறும் சட்ட உட்பிரிவு அன்று.

அப்படியானால் சிக்கல் எங்கே? சிக்கல் ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. ஆணை அனுமதிப்பது, கட்டடத்தை 'மாற்றுவதற்கு' நியாயமாகத் தேவைப்படும் பணிகளை. சன்னல், கதவு, கூரை, வெளிச்சுவர் ஆகியவற்றை நிறுவலாம் அல்லது புதுப்பிக்கலாம். குடிநீர், வடிகால், மின்சாரம் கொண்டுவரலாம். அதற்குத் தேவையான அளவு இடிக்கலாம். கூரையும் சுவரும் கதவும் சன்னலும் புதிதாக வரலாம் என்றால், எஞ்சுவது என்ன? எது 'மாறுகிறது'?

இந்தக் கேள்வி 2016-இல் ஹிபிட் வழக்காக உயர்நீதிமன்றத்திற்கு வந்தது. எதிர்த்தரப்பில் அமைச்சரும், நாட்டிங்காம்ஷயரிலுள்ள ரஷ்கிளிஃப் மன்றமும். கட்டடம் எஃகுச் சட்டங்களால் ஆனது. மூன்று பக்கம் பெரும்பாலும் திறந்தது. அதை வீடாக்க ஏறத்தாழ எல்லாப் பக்கங்களிலும் சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. எஃகுச் சட்டமே பாரம் தாங்கும், புதிய தாங்கு உறுப்புகள் வேண்டா, எனவே இது மாற்றம்தான் என்பது விண்ணப்பித்தவர் தரப்பு. நீதிபதி கிரீன் அதை ஏற்கவில்லை. 'மாற்றுதல்' என்ற சொல்லுக்குள்ளேயே ஓர் எல்லை இருக்கிறது; பழைய கட்டடத்தின் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் எழுப்பினால் அது மாற்றுதல் அன்று, மறுபடி கட்டுதல் என்பது அவர் முடிவின் சாரம். அந்த எல்லை எங்கே விழுகிறது என்பதை ஒவ்வொரு கட்டடத்தையும் பார்த்து, திட்டமிடல் தீர்ப்புத்திறனால் முடிவு செய்ய வேண்டும்.

மொழியியல் மாணவருக்கு இது பழகிய நிலம். ஒவ்வொரு மணியாக எடுத்தால் மணற்குவியல் எப்போது குவியலாக இல்லாமற்போகிறது என்ற பழம்புதிரின் கட்டட வடிவம் இது. 'மாற்று' என்ற வினை, அதன் செயப்படுபொருள் மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஏதோ ஒருவகையில் அதுவாகவே இருப்பதை முன்னனுமானமாகக் கொள்கிறது. 'கட்டு' என்ற வினைக்கு அந்தத் தேவை இல்லை; அதன் பொருள் செயலின் முடிவில்தான் பிறக்கிறது. பேச்சில் இவ்விரண்டுக்கும் நடுவே சரிவான நிலம் உண்டு. எவ்வளவு தொலைவு இறங்கினாலும் கோடு தென்படாது. சட்டமோ ஆம், இல்லை என்ற இரண்டு படிகளை மட்டுமே வைத்திருக்கிறது. சரிவைப் படியாக்கும் வேலையைத்தான் நீதிபதி செய்தார்.

அந்தப் படி மகளின் குடும்பத்திற்குக் கொடுமையாகத் தோன்றலாம். எனினும் அதை எடுத்துவிட்டால் என்ன நேரும் என்பதையும் எண்ண வேண்டும். நான்கு கம்பமும் ஒரு தகரமும் நிற்கும் இடமெல்லாம் வீட்டு மனையாகிவிடும். 1947 முதல் வயலுக்கும் ஊருக்கும் நடுவே காக்கப்பட்ட வேறுபாடு, ஒரு வினைச்சொல்லின் தளர்ச்சியால் கரைந்துபோகும். சொல்லுக்கு எல்லை இல்லையெனில் விலக்கே விதியாகும்.

ஆனால் எல்லை வேறொரு பக்கத்தில் ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கிறது. 2017-இல் மேன்செல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு கேள்வியைப் பார்த்தது. கென்ட் பகுதியில் ஒரு பெரிய களஞ்சியத்தையும் ஒரு சிறு வீட்டையும் இடித்துவிட்டு நான்கு புதிய வீடுகள் கட்டத் திட்ட அனுமதி தரப்பட்டிருந்தது. அனுமதி மறுக்கப்பட்டால் உரிமையாளர் கியூ வகுப்பின்கீழ் அக்களஞ்சியத்தை வீடுகளாக மாற்றிக்கொள்ளும் உண்மையான வாய்ப்பு உண்டு. அதைக் கணக்கில் கொள்வது முறையே என்றது நீதிமன்றம். ஆக, மாற்றப்படக்கூடிய களஞ்சியம் என்ற தகுதியே அக்களஞ்சியத்தை இடிப்பதற்கு ஆதரவான வாதமாகிறது. காப்பதற்கென வந்த சொல், காக்கப்பட வேண்டியதை நீக்கும் கருவியாகவும் பயன்படுவதை அகராதி எதுவும் முன்னறிவிக்காது.

இன்னொரு சொல்லும் கவனத்திற்குரியது: 'கர்ட்டிலேஜ்', அதாவது வீட்டைச் சூழ்ந்து வீட்டோடு சேர்ந்ததாகக் கருதப்படும் நிலம். கியூ வகுப்பில் இது களஞ்சியம் நிற்கும் பரப்பைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. நூறு சதுர மீட்டர் களஞ்சியத்திற்கு அதிகம் போனால் நூறு சதுர மீட்டர் தோட்டம். அதற்கு அப்பால், அதே புல், அதே மண், சட்டப்படி வயல். அங்கே குழந்தைக்கு ஊஞ்சல் கட்டி வீட்டுத் தோட்டமாக்கினால் அது பயன்பாட்டு மாற்றம். தமிழில் 'கொல்லை' என்ற சொல் வீட்டின் பின்புறத்தையும் குறிக்கும், புன்செய் நிலத்தையும் குறிக்கும். ஆங்கிலச் சட்டம் வேலி போட்டுப் பிரிக்கும் இரண்டையும் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதில் மொழிகளுக்கிடையே ஒருமித்த கருத்து இல்லை.

களஞ்சியம் என்றதும் மனத்தில் தோன்றும் அழகிய கட்டடங்கள் பலவற்றுக்கு இந்த வழி திறந்தில்லை. மரபுச் சின்னமாகப் பட்டியலிடப்பட்டவை, தேசியப் பூங்காக்கள், பாதுகாக்கப்பட்ட இயற்கை எழில் நிலப்பகுதிகள் ஆகியவற்றுள் இருப்பவை கியூ வகுப்புக்கு வெளியே நிற்கின்றன. அவை முழு அனுமதியின் நீண்ட பாதையிலேயே செல்ல வேண்டும். மாறாக, சிமென்ட் கல்லும் கல்நார்த் தகடும் கொண்ட, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதிக் கொட்டகை ஒன்று எளிதில் தகுதி பெறலாம். இது முரண்போலத் தோன்றினாலும் காரணம் உண்டு. பழைய கதிரடிக் களஞ்சியத்தின் அழகு அதன் வெறுமையில் இருக்கிறது: எதிரெதிரே இரண்டு பெருங்கதவுகள், நடுவே அடிகளம், பதரைக் கொண்டுபோகும் காற்று, கூரை வரை தடையற்ற இருட்டு. வீடு கேட்பதோ அறை, மாடி, சன்னல், புகைபோக்கி. அவற்றைச் சேர்க்கச் சேர்க்கக் களஞ்சியம் குறையும்.

திட்டமிடல் ஒப்புதல் கிடைத்தாலும் பயணம் பாதிதான். கட்டட விதிகள் தனிச் சட்டம், தனி ஆய்வு. தீயிலிருந்து தப்பும் வழி, கட்டமைப்பின் உறுதி, ஈரத் தடுப்பு, வெப்பக் காப்பு ஆகிய அனைத்தையும் அவை கேட்கும். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய தடித்த கற்சுவர் ஈரத்தை உறிஞ்சிப் பின் காற்றுக்குத் திருப்பித் தரும். அதன்மேல் சிமென்ட் பூசி, நீராவி புகாத காப்புப் பலகையை ஒட்டினால் ஈரம் உள்ளே சிறைப்படும். விட்டத்தின் முனைகள் உளுக்கும். 2020 முதல் ஒவ்வொரு வாழறைக்கும் போதிய இயற்கை வெளிச்சம் வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. வைக்கோலுக்குக் காற்றுப் போதும் என்று சிறு பிளவுகள் மட்டும் விட்டுக் கட்டிய சுவரில் இப்போது ஒளிக்காக வழி உடைக்க வேண்டும்.

மனிதருக்கு முன்பே அங்கே குடியிருப்பவர்களும் உண்டு. அந்நாட்டில் எல்லா வௌவால் இனங்களும், அவை தங்கும் இடங்களும் சட்டப் பாதுகாப்புக்கு உரியவை. அவ்வேளையில் வௌவால் அங்கே இல்லாவிட்டாலும் இடம் அவற்றினுடையதே. அந்தியில் வெளிவரும் வௌவால்களைக் கணக்கெடுக்கக் கோடை வேண்டும். இலையுதிர்காலத்தில் ஐயம் எழுந்தால் அடுத்த கோடை வரை காத்திருக்க நேரலாம். தமிழில் கூகை எனப்படும் பறவைக்கு ஆங்கிலம் களஞ்சியத்தின் பெயரையே சூட்டியிருக்கிறது. கூடு கட்டியிருக்கும் கூகையைத் தொந்தரவு செய்வது 1981-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். வீடு என்பதன் சட்டப் பொருளில் இவற்றின் வீடும் ஓரளவு சேர்ந்திருப்பது, இந்த ஏற்பாட்டிலுள்ள நல்ல பகுதிகளுள் ஒன்று.

கடைசியில், யாருடைய வீடு? விலக்கு அதைக் கேட்பதில்லை. மாற்றப்பட்ட களஞ்சியத்தில் உள்ளூர்க்காரர்தான் இருக்க வேண்டும் என்றோ, விலை எளியோருக்கு எட்ட வேண்டும் என்றோ அது விதிக்கவில்லை. மேற்சொன்ன மகளும், வார இறுதியில் மட்டும் வரும் நகரத்துச் செல்வரும் ஒரே படிவத்தையே நிரப்புவார்கள். ஆனால் ஒரு பாதுகாப்பு உண்டு. களஞ்சியம் குத்தகைப் பண்ணையில் இருந்தால் உரிமையாளர், குத்தகைதாரர் இருவரின் இசைவும் வேண்டும். வீடாக்குவதற்காகவே குத்தகையை முடித்துவிட்டு ஓராண்டுக்குள் பணியைத் தொடங்குவதும், குத்தகைதாரர் எழுத்தில் ஒப்பினாலன்றிச் செல்லாது. உழுபவரை வெளியேற்றி வீட்டை உருவாக்குவது எளிதன்று என்ற அளவில், அங்கே சட்டம் வீட்டைவிட மனிதரைப் பார்த்திருக்கிறது.

பத்தாண்டுகளில் எண்கள் பலமுறை திருத்தப்பட்டன. காப்புப் பலகைக்கும் மேற்பூச்சுக்கும் இடம் தந்து, வெளிச்சுவர் பழைய அளவைத் தாண்டி 20 சென்டிமீட்டர் வரை புடைக்கலாம் என்றும் 2024-இல் சேர்த்தார்கள். வீடுகளின் எண்ணிக்கை, சதுர மீட்டர், சென்டிமீட்டர் எல்லாம் எழுதப்பட்டுவிட்டன. 'மாற்றுதல்' என்றால் என்ன என்பது மட்டும் இன்றுவரை ஆணையில் வரையறுக்கப்படவில்லை. ஒவ்வொரு முறையும் ஓர் அதிகாரி சேறு படிந்த காலணியோடு ஏதோ ஒரு களஞ்சியத்தின் முன் நின்று, இங்கே எஞ்சியிருப்பது மாற்றப்படும் அளவுக்குப் போதுமா என்று பார்த்துத்தான் அச்சொல்லுக்குப் பொருள் கொடுக்கிறார்.