வியன்னாவில் ஒரு பகல்: நான் மறைத்து வைத்த விஷயம்

 

வழக்கமாக இந்தப் பக்கத்தில் கோத்தோங் ரோயோங் தேதியும், அன்னதானத்துக்கு எத்தனை மூட்டை அரிசி வந்தது என்ற கணக்கும்தான் போடுவேன். இன்றைக்குப் பயணக் கதை. கொஞ்சம் நீளம். தே தாரிக் ஒன்று கலக்கி வைத்துக்கொண்டு படியுங்கள். ஆனால் தயவு செய்து கடைசி வரை படியுங்கள். கடைசியில் நம் ஆலயத்துத் தம்பி ஒருவரிடம் நான் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

என் மூத்த மகள் ஜெர்மனியில் வேலை செய்வது பலருக்குத் தெரியும். எங்கள் 30ஆம் ஆண்டு திருமண நாளுக்கு அவள் கொடுத்த பரிசு, டான்யூப் ஆற்றில் ஒரு சின்னக் கப்பல் பயணம். ஜெர்மனியில் பாசாவ் என்ற ஊரில் ஏறி, ஆஸ்திரியா, சுலோவாக்கியா வழியாக ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரைக்கும். கடல் கப்பல் மாதிரி பெரிசு இல்லை. பாலங்களுக்கு அடியில் நுழைந்து போக வேண்டும் என்பதால் தட்டையா, நீளமா கட்டியிருக்கிறார்கள். அணை வரும் இடத்தில் கப்பலைத் தொட்டி மாதிரி ஒரு இடத்தில் அடைத்து, தண்ணீரை இறக்கி, கீழ் மட்டத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். ராத்திரி தூங்காமல் நின்று அதைத்தான் பார்த்தேன். என் மனைவி சொன்னாள், "உங்கள சொர்க்கத்துக்குக் கூட்டிட்டுப் போனாலும் கதவு எந்த மோட்டார்ல தொறக்குதுன்னுதான் பாப்பீங்க."

வியன்னாவில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல். காலை 8 மணிக்குக் கப்பல் நின்றது, மாலை 5 மணிக்குள் திரும்ப வேண்டும். நகரத்தின் வடக்குப் பக்கம் நுஸ்டோர்ப் என்ற இடத்தில் கட்டினார்கள். அங்கிருந்து 'டி' என்ற டிராம் நேராக நகரத்துக்குள் போகிறது. கப்பல்காரர்களின் பஸ்ஸில் போகாமல் நாங்கள் மூன்று பேரும் டிராமில் ஏறினோம்.

ஹைடன், மோசார்ட், பீத்தோவன், ஷூபெர்ட் எல்லாரும் வாழ்ந்த ஊர் இது. இந்தப் பெயர்களில் எனக்குப் பீத்தோவன் மட்டும்தான் தெரியும். அதுவும் யாரோ பெரிய இசைக்காரர் என்ற அளவுக்குத்தான்.

முதலில் ஓப்பரா அரங்கம். 1869இல் திறந்த கட்டடம். 1945 மார்ச்சில் போர் விமானங்கள் குண்டு போட்டதில் மேடையும் உள் மண்டபமும் எரிந்து போய்விட்டன. சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட காலம். இருந்தும் அந்த மக்கள் விடவில்லை. 10 வருடம் கட்டி, 1955 நவம்பரில் பீத்தோவனின் ஓப்பராவைப் பாடித் திறந்தார்கள். நம் கும்பாபிஷேகத்துக்கு எத்தனை வருடம் உண்டியலும் ரசீது புத்தகமும் தூக்கி அலைந்தோம் என்பதை நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ஸ்டீபன் தேவாலயம். மோசார்ட்டுக்கு 1782இல் திருமணம் நடந்த இடம். ஹைடன் சின்னப் பையனாக இருந்தபோது இங்கேதான் பாடகர் குழுவில் பாடினார். அங்கே ஒரு பெரிய மணி இருக்கிறது. துருக்கியப் படை விட்டுப்போன பீரங்கிகளை உருக்கி 1711இல் முதல் மணியை வார்த்தார்களாம். 1945இல் கோயில் தீப்பிடித்தபோது அது விழுந்து நொறுங்கியது. அந்த உடைசல்களையும் சேர்த்து உருக்கி 1951இல் மறுபடி வார்த்தார்கள். 20 டன்னுக்கு மேல். உலோகத்தோடு வேலை செய்கிறவன் என்பதால் அந்தச் சேதி எனக்கு ரொம்பப் பிடித்தது.

வெள்ளிக்கிழமை என்பதால் சைவம். ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியும் ஊரிலிருந்து கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிட்டோம். மணி ஒன்று. மகள் கேட்டாள், "ப்பா, அரண்மனை பாக்கலாமா, இல்ல கப்பலுக்குப் போற வழியில பீத்தோவன் வீடு ஒன்னு இருக்கு, அங்க போலாமா?" கப்பலுக்குப் பக்கம் என்பதால் வீடு என்றேன். நேரத்துக்குத் திரும்ப வேண்டுமே என்ற கவலைதான். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஹைலிகென்ஸ்டாட். இப்போது வியன்னா நகரத்துக்குள் சேர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் திராட்சைத் தோட்டங்கள் நடுவில் ஒரு கிராமம். இன்னும் சந்துகள் குறுகலாகத்தான் இருக்கின்றன. டிராமை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தோம். என் மனைவி திடீரென்று நின்றாள்.

"என்னாங்க, அந்தக் குருவிய கேளுங்களேன். எவ்ளோ அழகா பாடுது."

"ஆமா, ஆமா," என்றேன்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. குருவியைப் பார்த்தேன், கிளையில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூடியது. அவ்வளவுதான்.

வீடு சின்னது. உள்ளே முற்றம், மரப் படிக்கட்டு. பீத்தோவன் 1802இல் இந்த ஊரில் வந்து தங்கினார், டாக்டர் அமைதியான இடத்துக்குப் போகச் சொன்னதால். அப்போது அவருக்கு வயது 31. காது போய்க்கொண்டிருந்தது. இங்கே இருக்கும்போது அக்டோபர் மாதம் தன் இரண்டு தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதினாரே தவிர அனுப்பவில்லை. 25 வருடம் கழித்து 1827இல் அவர் இறந்த பிறகுதான் அது அவருடைய காகிதங்களுக்குள் கிடைத்தது. கடிதத்தின் பிரதியை வைத்திருக்கிறார்கள். மகள் அதன் கருத்தை எனக்குத் தமிழில் சொன்னாள்.

ஜனங்கள் அவரைத் திமிர் பிடித்தவர், யாரோடும் ஒட்டாதவர் என்று நினைக்கிறார்களாம். உண்மைக் காரணம் அவர்களுக்குத் தெரியாதாம். "கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள், எனக்குக் காது கேட்காது" என்ற ஒரு விஷயத்தை மட்டும் அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லையாம். பக்கத்தில் நிற்பவருக்குத் தூரத்தில் புல்லாங்குழல் கேட்கும், இவருக்கு ஒன்றும் கேட்காது. அந்த அவமானத்தில் உயிரையே விட்டுவிடலாம் என்று கூட நினைத்திருக்கிறார். இசைதான் பிடித்து நிறுத்தியது.

அதற்கு முந்தின வருடம் ஒரு டாக்டர் நண்பருக்கும் எழுதியிருக்கிறார். நாடக அரங்கில் வாத்தியங்களின் உயர்ந்த சுரங்கள் தூரத்தில் இருந்து கேட்பதில்லை, மெதுவாகப் பேசுகிறவர்களின் சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை என்று.

சத்தம் கேட்கும், சொல் புரியாது. மகள் இதைச் சொன்னதும் நான் அங்கே இருந்த சுவரைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் பயந்துபோனாள். "ப்பா, நெஞ்சு வலியா?"

"இல்லம்மா. எனக்கும் கேக்கல. அம்மா சொன்ன குருவி எனக்குக் கேக்கல. ரொம்ப வருஷமாவே கேக்கல."

இதுதான் நான் மறைத்து வைத்த விஷயம்.

29 வருடமாகத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் பிரிவில் இருக்கிறேன். தொழிற்சாலை மீது குற்றம் சொல்ல மாட்டேன். காதடைப்பான் கொடுத்தார்கள், நான்தான் போடவில்லை. மெஷின் சத்தத்தை வைத்தே எந்த அச்சு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெருமையில் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன். காதுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கோடு கீழே இறங்க ஆரம்பித்தபோது கடிதத்தை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டேன். சூப்பர்வைசருக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் பையன்கள் மதிப்பார்களா என்ற பயம்.

பீத்தோவனுக்கு வந்தது ஏதோ நோய். என்ன நோய் என்று டாக்டர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வந்தது நானே வாங்கிக்கொண்டது. ஆனால் மறைத்த விதம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இப்போது நம் ஆலய விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் பங்குனி உத்திரத் தேர் ஊர்வலத்தில் பின்பக்கச் சக்கரத்துக்கு நான் பொறுப்பு. கட்டை போடும் தம்பி குரல் கொடுத்தால் நான் விசில் ஊதித் தேரை நிறுத்த வேண்டும். வளைவில் திரும்பும்போது அவர் குரல் கொடுத்தார். உறுமி மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. சக்கரம் அவர் காலை உரசிவிட்டது, இரண்டு விரல் எலும்பு முறிவு. முருகன் கிருபை, அதோடு போயிற்று.

நிர்வாகக் கூட்டத்தில் விசாரித்தார்கள். தம்பி மூன்று முறை கத்தியதாகச் சொன்னார். என்னைக் கேட்டபோது நான், "அவர் குரலே கொடுக்கவில்லை" என்று சொன்னேன். எனக்கு வயது, அனுபவம், ஆலயத்தில் 20 வருடத் தொண்டு. என் பேச்சைத்தான் நம்பினார்கள். தம்பிக்குக் கவனக்குறைவு என்று முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஆலயத்துக்கு வரவில்லை.

அன்றைக்கு நான் பொய் சொன்னேனா என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். எனக்குக் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் என் காதில் கோளாறு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாததால் அது பொய்தான்.

அன்று மாலை கப்பல் கிளம்பியபின் மேல்தளத்தில் உட்கார்ந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் அவள் பேசவில்லை. பிறகு, என் முகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் கூப்பிட்டும் திரும்பாம போவீங்களே, என் மேல வெறுப்புன்னு நெனச்சு எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா." 30 வருடம் கூட இருந்தவளுக்கே அப்படி என்றால் மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

மகள் இன்னும் இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, பீத்தோவன் தன் நாட்குறிப்பில் நம் இந்து சமய நூல்களின் மொழிபெயர்ப்புகளில் இருந்து சில பகுதிகளை எடுத்து எழுதி வைத்திருந்தாராம், பகவத் கீதையில் இருந்தும்கூட. இரண்டாவது, காலையில் நாங்கள் ஓப்பரா அரங்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஹோட்டல் முன்னால் படம் எடுத்தோம். அந்த இடத்தில் அப்போது ஒரு அரங்கம் இருந்தது. 1824 மே 7ஆம் தேதி அங்கேதான் அவருடைய ஒன்பதாவது சிம்பொனி முதல் முறையாக இசைக்கப்பட்டது. கூட்டம் கை தட்டியது அவருக்குக் கேட்கவில்லை. ஒரு பாடகி அவரைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்ட பிறகுதான் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதற்குள் அவர் ஊருக்கே தெரிந்த செவிடர். மறைக்க ஒன்றும் இல்லை. பேச வருகிறவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டுவார்கள். மறைத்த காலத்தில் சாக நினைத்தவர், மறைக்காத காலத்தில் அந்த இசையை எழுதினார். நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். தப்பென்றால் இசை படித்தவர்கள் திருத்துங்கள்.

ஊர் திரும்பியதும் செய்தவை:

டாக்டரைப் பார்த்தேன். காதுக்குள் இருக்கும் அந்த நுண்ணிய முடி அணுக்கள் செத்தால் மறுபடி முளைக்காது என்றார். இரண்டு காதுக்கும் கருவி போட்டிருக்கிறேன். முதல் நாள் தட்டு வைக்கிற சத்தமெல்லாம் தகரம் தட்டுவது மாதிரி இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயரட்சையில் ஐயர் கைமணியை ஆட்டினார் பாருங்கள், அடித்து முடித்த பிறகும் அந்த நாதம் நீளமாக இழுத்துக்கொண்டே போனது. அது அப்படி நீளும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

முந்தாநாள் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். அவர் அம்மா தேநீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி ஒன்றுதான் சொன்னார்: "நான் மூனு தடவ கத்துனேன் அங்கிள்." "இப்ப எனக்குத் தெரியும்பா," என்றேன். ஆலயத்துக்குத் திரும்பி வருவேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவரைக் குறை சொன்னது பொதுவில் நடந்ததால் மன்னிப்பும் பொதுவில்தான் கேட்க வேண்டும் என்று அவர் அனுமதி வாங்கி இதை எழுதுகிறேன். தம்பி, தவறு உங்களுடையது அல்ல, என்னுடையது. என்னை மன்னித்துவிடுங்கள். கூட்டக் குறிப்பையும் திருத்தும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

இனிமேல் தேர்ச் சக்கரப் பக்கம் நான் நிற்க மாட்டேன். அன்னதானக் கூடத்தில் இருப்பேன். என்னிடம் பேசும்போது முகத்துக்கு நேராக நின்று பேசுங்கள். நான் பதில் சொல்லாமல் போனால் திமிர் என்று நினைக்காதீர்கள், தோளைத் தட்டுங்கள்.

தொண்டர்களுக்கும் உறுமிக் குழுத் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி, 100 என்றால் கால் மணி நேரம்தான். மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பக்கத்தில் நிற்பவர்கள் காதடைப்பான் போடுங்கள். அடுத்த திருவிழாவுக்கு இரண்டு பெட்டி என் உபயம். கைக்குழந்தைகளை ஒலிபெருக்கி முன்னால் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களே, பரிசோதனைக் கடிதம் வந்தால் என்னை மாதிரி மேசைக்குள் வைக்காதீர்கள். வீட்டில் காட்டுங்கள். முதலில் மனைவியிடம் காட்டுங்கள்.

எல்லாருக்கும் முருகன் அருள் கிடைக்கட்டும். ஞாயிறு காலை 7 மணிக்குக் கோத்தோங் ரோயோங், துடைப்பம் கொண்டுவர மறக்காதீர்கள்.