பதிவேட்டில் வராத பெயர்

நான் மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன். கல்லூரியில் படித்தது வரலாறு. கணிப்பொறியின் உள்விவகாரம் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று கேட்பீர்களாயின், அதன் பொருட்டு ஒரு மாணவனைக் காரணமின்றிக் கடிந்துகொண்ட தகுதி ஒன்றுதான் உண்டு.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில், பாழடைந்த கோட்டையைத் தலையில் சுமந்து நிற்கும் பாறைக்குன்று ஒன்று தெரியும். அதுதான் எங்கள் பெருமுக்கல். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது இப்பகுதியில் கொட்டிய மழையை எவரும் மறந்திருக்க முடியாது. அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் பெய்தது. அன்றிரவு என் வீட்டு மர அலமாரியின் கீழ்த்தட்டில் வெள்ளம் புகுந்தது. அங்கேதான் என் உஸ்தாத் மர்ஹூம் அவர்கள் கைப்பட எழுதிய ஏழு அரபுத்தமிழ் நோட்டுகள் இருந்தன. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அம்முறையை வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்று நம் வீடுகளில் எத்தனை பேர்? விடிந்து பார்த்தபோது மை கரைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

ஆயினும் ஓர் ஆறுதல் இருந்தது. ஓராண்டுக்கு முன்பே மாணவன் ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைத்திருந்தேன். ஏழு நோட்டுகளுக்கும் மிஞ்சியது உள்ளங்கையளவு இருந்த அந்தப் பெட்டி ஒன்றே.

மதரஸா அலுவலகக் கணிப்பொறியில் அது எப்போதும் செருகியபடியே இருக்கும். புயலுக்குச் சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் கணிப்பொறியை இயக்கினேன். திரை வந்தது, விசைப்பலகை வேலை செய்தது, டிஸ்கின் சிறு விளக்கும் எரிந்தது. ஆனால் அதன் பெயர் மட்டும் திரையில் இல்லை. முந்தைய மாலை அந்த மாணவன்தான் அங்கே அமர்ந்து தட்டச்சு செய்திருந்தான். நான் வேறெதையும் யோசிக்கவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவனை எழுப்பி நிறுத்திக் கேட்டேன்.

"ஹஜ்ரத், நான் அதைத் தொடவே இல்லை" என்றான்.

நான் நம்பவில்லை. நம்பாததை வார்த்தைகளிலும் காட்டினேன். அவற்றை இங்கே எழுத வேண்டாம்.

மறுநாள் அவனே வந்து, "டிஸ்கை ஒரு நாள் கொடுங்கள் ஹஜ்ரத், அக்காவின் லேப்டாப்பில் போட்டுப் பார்க்கிறேன்" என்றான். தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவனுடைய அக்கா பிளஸ் டூ படித்தபோது பெற்றது அது. விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் உண்டு. இரண்டிலும் டிஸ்க் உடனே திறந்துகொண்டது. ஏழு நோட்டுகளும் அப்படியே இருந்தன. அப்படியானால் குற்றம் டிஸ்கின் மேலும் இல்லை, பையன் மேலும் இல்லை.

பிறகுதான் விஷயத்தை நிதானமாகத் தெரிந்துகொள்ள முற்பட்டேன். யு.எஸ்.பி. என்னும் இம்முறை 1996இல் வெளிவந்தது. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றிய இன்டெல் பொறியாளர் அஜய் பட், பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ஒரு கருவியைச் செருகியதும் அது இணைப்பிலுள்ள ஒரு கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்தி, 'நான் வந்திருக்கிறேன்' என்று தெரிவிக்கிறது. கணிப்பொறி அதற்கு ஓர் எண் கொடுத்து, நீ யார், உனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று விசாரிக்கிறது. எங்கள் வகுப்பில் காலையில் பெயர் கூப்பிடுவதைப் போலத்தான். இவ்விசாரணை முடியும்வரை பழைய யு.எஸ்.பி. 2 வகைத் துளையில் 100 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம். முடிந்தபின் 500 வரை எடுக்கலாம். ஹார்ட் டிஸ்கினுள் ஒரு தட்டு சுழல வேண்டும். மின்சாரம் போதாவிடில் விளக்கு எரியும், தட்டு சுழலாது. ஒரே ஹப்பில் நான்கைந்து கருவிகளைத் தொங்கவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கத் துளையைவிடப் பின்பக்கத் துளையில் செருகிப் பார்ப்பது நல்லது.

எங்கள் விஷயத்தில் காரணம் வேறு. புயலின்போது பழுதான கணிப்பொறியைச் சரிசெய்தவர் விண்டோஸைப் புதிதாக ஏற்றியிருந்தார். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றோர் ஏற்பாடு உண்டு. நாம் ஷட் டவுன் செய்யும்போது கணிப்பொறி முழுவதுமாக உறங்குவதில்லை. தன் உள்நிலையை எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்து வாசிக்கிறது. நேற்று மாலை எடுத்த வருகைப் பதிவை இன்று காலையில் வாசிக்கும் ஆசிரியரை எண்ணிக்கொள்ளுங்கள்! எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை அவர் கண்ணில் படுவதில்லை. வேகம் கிடைக்கிறது, சில வேளைகளில் கருவி விட்டுப்போகிறது. ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் பெயர்களெல்லாம் புதிதாகக் கூப்பிடப்படுகின்றன. எங்கள் டிஸ்க் ரீஸ்டார்ட் செய்த ஒவ்வொரு முறையும் வந்ததைக் கண்டுபிடித்தவனும் அந்த மாணவனே.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அடையாளத்தை நீக்கினோம். அதை நீக்க விரும்பாதவர்கள், ஷிப்ட் விசையை அழுத்தியபடியே ஷட் டவுன் கொடுத்தால் அன்றைக்கு மட்டும் முழுமையாக அணையும்.

இன்னொன்றை வீட்டிலுள்ள பெண்மணிகளும் பிள்ளைகளும் அவசியம் அறிந்திருக்க வேண்டும். கருவி அரைகுறையாகத் தெரியும்போது, 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் பணிவாகவே கேட்கும். சம்மதித்துவிடாதீர்கள். அன்றைய பதற்றத்தில் அக்கேள்வி என் முன் வந்திருந்தால் என் விரல் எங்கே போயிருக்குமோ! உஸ்தாதின் கையெழுத்தை மழைக்குப் பிறகு நானே இரண்டாம் முறை அழித்திருப்பேன். முதலில் வேறொரு கணிப்பொறியில் செருகிப் பாருங்கள். அங்கே திறந்தால் உடனே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இக்கருவிகளைச் செய்தவர்களுக்கே இது எளிதாக இருக்கவில்லை. 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் நிற்க, விண்டோஸ் 98இன் அருமையைக் காட்ட ஒரு ஸ்கேனரைச் செருகினார்கள். திரை நீலமாகி நின்றுவிட்டது. கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்துச் சமாளித்தார். அங்கே பக்கத்தில் நின்ற எவர் மேலும் அவர் பழி போட்டதாகத் தெரியவில்லை.

நான் போட்டேன். ஆகவே எந்த வகுப்பில் கடிந்துகொண்டேனோ அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன்னிலையில், தவறு என்னுடையது என்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்லை ஹஜ்ரத்" என்றான். அன்று மாலையே மற்றொரு டிஸ்க் வாங்கி வந்தோம். ஏழு நோட்டுகளின் இரண்டாவது நகல் இப்போது அவன் வீட்டில், அக்காவின் லேப்டாப் பையில் இருக்கிறது.