வாப்பாவின் மொரிஸ் மைனர்



வாப்பா வபாத்தானதிலிருந்து கொட்டிலில் நின்ற மொரிஸ் மைனரை இந்த லீவில் நானே திருத்தத் தொடங்கினேன். கதவுக்குக் கீழ்த் தகடு முழுக்கக் கறள். மைனரில் பாடியின் பாரத்தைத் தாங்குவதே அந்தத் தகடுதான். புதுத் துண்டு வெட்டி வைத்து, மிக் வெல்டிங்கால் ஒரே இழுப்பாக ஒட்டினேன். தகடு நெளிந்து, மூன்று இடத்தில் ஓட்டையும் விழுந்தது. உம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த நாள் ஊர் டிங்கரிங் பாஸிடம் போனேன். அவர் சொன்னவை:

பெயின்டையும் கறளையும் சுத்தமாகச் சுரண்ட வேண்டும். மெல்லிய தகட்டுக்கு 0.6 மில்லிமீற்றர் கம்பி போதும். அதே கனமுள்ள கழிவுத் தகட்டில் முதலில் பழக வேண்டும். ஒரு பொட்டு இந்த முனையில், அடுத்தது அந்த முனையில். சூடு ஆறிய பிறகே இடையில் அடுத்த பொட்டு. இப்படியே எல்லாம் ஒன்று சேரும்வரை. ஃபேன் போடக்கூடாது, காற்றில் காஸ் கலைந்தால் ஒட்டு துளைதுளையாகிவிடும்.

ஓரடி ஒட்ட ஒரு பின்னேரம் போனது. தகடு நெளியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். "அவசரப்படாமல் செய்யுங்கள், விளங்காவிட்டால் கேளுங்கள்" என்று வகுப்பில் தினமும் சொல்பவன் நான்.

பழைய வாகனம் திருத்துபவர்கள் பற்றரியையும் பெற்றோல் டாங்கையும் கழற்றி வைத்துவிட்டே வெல்டிங்கைத் தொடுங்கள்.

நேற்று உம்மா முன் சீட்டில் கொஞ்ச நேரம் ஏறி இருந்தா.