எந்தப் பக்கம்?

பிலாய் நகரின் பழைய குடியிருப்பு ஒன்றில், பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் பேத்தி ஆண்டுகளை உருப்போட்டுக் கொண்டிருந்தாள். 1949 நேட்டோ; 1955 வார்சா ஒப்பந்தம்; 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி. மறுநாள் தேர்வு. சென்ற முறை, பனிப்போரில் இந்தியாவின் நிலைப்பாடு யாது என்ற வினாவிற்கு, "இந்தியா அணிசேரா நாடு" என்று ஒரே வரி எழுதிவிட்டு, மேற்கொண்டு எழுத ஒன்றும் தோன்றாமல் மதிப்பெண்ணை இழந்திருந்தாள்.

சாய்வு நாற்காலியில் இருந்த தாத்தா, "ஆண்டுகள் இருக்கட்டும் அம்மா. இந்த ஊர் எப்படி வந்தது என்று அறிவாயா?" என்றார்.

அவர் 1958இல் திருநெல்வேலியிலிருந்து உருக்காலைப் பணிக்கு வந்தவர். ஆலை அமைப்பதற்கான ஒப்பந்தம் சோவியத் நாட்டுடன் 1955 பிப்ரவரியில் கையெழுத்தானது. முதல் ஊதுலையைக் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் 4.2.1959 அன்று தொடங்கி வைத்தபோது, கூட்டத்தில் தாத்தாவும் நின்றிருந்தார். உருசியப் பொறியாளர்கள் தம்மோடு ஒன்றாக நின்று வேலை கற்பித்ததைச் சொல்லும்போது அவர் குரல் குழைந்தது. அம்மொழியில் அவர் அறிந்த சொற்கள் பத்துக்கும் குறைவு. அவற்றுள் பாதி கருவிகளின் பெயர்கள்.

"அவர்கள் நல்லவர்கள்" என்று முடித்தார்.

"ஹங்கேரியிலுமா தாத்தா?" என்றாள் பேத்தி.

1956 நவம்பரில் சோவியத் பீரங்கி வண்டிகள் புடாபெஸ்ட் நகருக்குள் புகுந்து மக்கள் கிளர்ச்சியை அடக்கின. பிரதமராயிருந்த இம்ரே நாகி 1958இல் தூக்கிலிடப்பட்டார். தாத்தா பிலாய்க்கு வந்த ஆண்டும் அதுவே. அவர் நெடுநேரம் பேசவில்லை. செய்தித்தாளில் படித்திருந்தார், வீட்டில் ஒருநாளும் அதைப் பேசியதில்லை.

"அப்படியென்றால் நாம் எந்தப் பக்கம்?"

"இரும்பு அங்கிருந்து வந்தது. சோறு?" என்றார் தாத்தா. 1960களின் நடுவில் மழை பொய்த்தபோது, நியாயவிலைக் கடையில் அவர் வரிசையில் நின்று வாங்கியது அமெரிக்கக் கோதுமை. வியட்நாம் போரை இந்தியா குறை கூறியது குடியரசுத் தலைவர் ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. வேளாண்மைக் கொள்கையை இந்தியா மாற்ற வேண்டும் என்றும் அவர் விரும்பினார். ஆகவே கோதுமையைச் சிறிது சிறிதாகவே விடுவித்தார். கொடுத்த கையே கழுத்தையும் பிடித்தது. பொக்காரோ ஆலைக்கு முதலில் அமெரிக்காவிடமே உதவி கேட்கப்பட்டது. அரசுத்துறை ஆலைக்கு உதவுவதை அந்நாட்டுக் காங்கிரசில் பலர் எதிர்த்தனர். 1963இல் இந்தியா தன் வேண்டுகோளைத் திரும்பப் பெற்றது. பிறகு சோவியத் நாடு முன்வந்தது. ரூர்கேலா ஆலைக்கு மேற்கு ஜெர்மனியும் துர்காபூர் ஆலைக்குப் பிரிட்டனும் துணை நின்றதை அவளே புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்தாள்.

அவள் எழுதத் தொடங்கினாள். இரும்பு, கோதுமை, பொக்காரோ என்று ஒரு பக்கம் நிறைந்தது. ஹங்கேரியைப் பற்றி அன்று இந்தியா தயங்கித் தயங்கிப் பேசியதையும் சேர்த்துக்கொண்டாள்.

தாத்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, "அந்த ஹங்கேரிப் பகுதியை எனக்கு ஒருமுறை படித்துக் காட்டு அம்மா, மெதுவாக" என்றார்.