அம்மாச்சியே அத்தையானால்

குடும்ப உறவைத் தரவுத்தளத்தில் ஏற்றுகிறவர்கள் எடுத்த எடுப்பில் ‘ஆட்கள்’ என்று ஓர் அட்டவணை போடுவார்கள். ஆளுக்கு ஓர் எண். பக்கத்தில் அப்பாவின் எண், அம்மாவின் எண். திருமணத்துக்கு இன்னோர் அட்டவணை. மாமன், சித்தப்பா, நாத்தனார் எல்லாம் எழுதிவைக்க வேண்டியதில்லை; நிரல் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். தஞ்சோங் மாலிமில் என் தங்கை மகன் எங்கள் குடும்பத்துக்கு வலைத்தளம் கட்ட உட்கார்ந்தபோது இப்படித்தான் தொடங்கினான். பெரியப்பாவா சித்தப்பாவா என்று பிரிக்கப் பிறந்த தேதி வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த கிழவர்களின் தேதிக்கு எங்கே போவது? மூப்பு வரிசை என்று ஒரு கட்டம் சேர்த்தான். கெட்டிக்காரன்.

நம் மலேசிய அடையாள அட்டையான ஐசியும் ஒருவகையில் குடும்ப அட்டவணைதான். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. பெயரோடு மகன், மகள் என்பதற்கு ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ போட்டு அப்பா பெயர். அம்மாவுக்கு இடமில்லை. அம்மா இல்லாமல் தாய்மாமன் எங்கிருந்து வருவான்? தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து எப்படி நடக்கும்?

உறவுமுறைகளை அட்டவணையாக்கும் வேலையை 19ஆம் நூற்றாண்டிலேயே செய்தவர் லூயிஸ் ஹென்றி மார்கன், நியூயார்க் மாநிலத்து வழக்கறிஞர். அப்பாவின் அண்ணனை, அவர் மகனை, அந்த மகனின் மனைவியை என்ன முறை சொல்லி அழைப்பீர்கள் என்று வினாத்தாள் அச்சிட்டு உலகெங்கும் மிஷனரிகளுக்கு அனுப்பினார். தமிழ் முறைகளை அவருக்குச் சொன்னவர் ஆர்க்காட்டு மிஷனின் ஸ்கடர் குடும்பத்துப் பாதிரியார். சிற்றப்பன் பிள்ளைகள் உடன்பிறப்பு, மாமன் பிள்ளைகள் வேறு கணக்கு. மார்கன் பழகிய அமெரிக்கச் செனெக்கா பழங்குடியினரிடமும் இதே ஏற்பாடு! அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு அதையே சான்றாக்கி, 1871இல் தடித்த நூலாக வெளியிட்டார். மாமன் மகளைக் கட்டும் வழக்கம்தான் தமிழ்க் கணக்கின் அச்சாணி என்பது மட்டும் அந்த மனிதருக்கு எட்டவில்லை. பால்மரம் வெட்டிய கிழவி எவளைக் கேட்டிருந்தாலும் வெற்றிலையை மென்றபடி சொல்லியிருப்பாள்.

எங்கள் வீட்டில் அதற்கும் ஒருபடி மேலே. அம்மாச்சி கட்டிக்கொண்டது தன் தாய்மாமனை. அதனால் அம்மாச்சியைப் பெற்றவள் என் அம்மாவுக்கு ஒரு வழியில் பாட்டி, மறுவழியில் அப்பாவின் அக்கா, அதாவது அத்தை. சீர் செய்கிற நாளில் பாட்டியாகிவிடுவாள், சீர் வாங்குகிற நாளில் அத்தையாகிவிடுவாள் என்று அம்மா சிரிப்பாள். மருமகனின் நிரலோ ஒருவருக்கு ஒரே முறை என்று விதி வைத்துக்கொண்டு, இரண்டு விடை வந்ததும் பிழை என்று சிவப்பில் கத்தியது.

சட்டத்துக்கே இந்தச் சிக்கல் தெரியும். மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் நெருங்கிய இரத்த உறவில் மணத்தைத் தடுக்கிறது. ஆனால் இந்து வழக்கப்படி சகோதரி மகளை மணப்பதற்கு விலக்குத் தருகிறது. நாடாளுமன்றமே வழிவிட்ட இடத்தில் நிரல் குறுக்கே நிற்கக்கூடாது.

உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது இப்படி அட்டவணை போட உட்கார்ந்தால், ஒருவருக்கு ஒரு முறைதான் என்ற விதியை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.