சாய்தளம் போதுமா?

சாய்தளம் ஒன்றைக் கட்டிவிட்டால் கலாசாலையின் கடமை தீர்ந்தது என்னும் எண்ணம் நம் தேசத்தில் வேகமாகப் பரவி வருகிறது. வாசற்படிக்குப் பக்கத்தில் சிமெண்டுச் சரிவு ஒன்று. சுவரில் சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகை ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பிடித்த போட்டோ ஒன்று, ஆண்டறிக்கையில். மற்ற நாட்களில் அச்சரிவின்மேல் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாய் ஓய்வெடுத்துக் கொண்டிருக்கும் காட்சி மட்டும் அறிக்கையில் இடம் பெறுவதில்லை.

சாய்தளத்தின்மீது நமக்குப் பகை ஒன்றுமில்லை. அது வேண்டியதே. சட்டமும் நல்ல சட்டந்தான். 1995-ஆம் வருஷத்துச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைக் குறித்தது. 2016-ஆம் வருஷத்துச் சட்டம் அவற்றை 21 ஆக விரித்தது. சர்க்கார் கலாசாலைகளும் சர்க்கார் உதவி பெறும் கலாசாலைகளும் நூற்றுக்கு 5 இடத்துக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றும் விதித்தது. இதற்கெல்லாம் முன்பே, சுயராஜ்யம் வந்த சூட்டோடு எழுதிய நமது அரசியல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, அங்கக் குறைவுற்றோருக்கு அரசு உதவ வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறது. ஆகவே வாசல் திறந்திருக்கிறது. உள்ளே போன பிள்ளை மூன்று வருஷம் கழித்துப் பட்டத்தோடு வெளியே வருகிறானா என்பதுதான் நமது கேள்வி. இந்தக் கணக்கை எடுப்பவர் யார்? எதைக் கொண்டு எடுக்கிறார்?

கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானது 2019 நவம்பரில். 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் வைத்தியக் கலாசாலையும் திறந்தாயிற்று. ஜில்லாவின் மேற்கே கல்வராயன் மலை. 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த பிரதேசம் அது. தேசம் 1947-இல் பெற்ற விடுதலை, மலையேறிப் போய்ச்சேர 29 வருஷம் பிடித்தது. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். சாமையும் தினையும் பயிரிடுகிறவர்கள். இவர்களுடைய வீடுகளில் கலாசாலைப் படியை முதன்முதலாக மிதிக்கும் தலைமுறை இப்பொழுதுதான் வந்திருக்கிறது.

அப்படி வந்தவர்களுள் ஒருவன் நம்மிடம் மேல் வகுப்புப் படித்தவன். வெளிச்சமும் நிழலும் தெரியும். அதற்குமேல் பார்வை இல்லை. இப்பொழுது தமிழ் இலக்கியத்தில் பட்டப்படிப்பு, இரண்டாம் வருஷம். எந்தக் கலாசாலை என்பது இங்கே வேண்டாம். வேறு எந்தப் பெயரைப் போட்டாலும் கதை அதிகம் மாறாது. முதல் வருஷக் கடைசியில் அவன் படிப்பை நிறுத்திவிட்டு மலைக்கே திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டான். அவனை உட்கார வைத்து, "கலாசாலையில் ஒரு நாள் எப்படிப் போகிறது, காலையிலிருந்து சொல்" என்றோம்.

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டிக் கச்சிராயபாளையம் வழியாக இறங்கும் பஸ், சான்றிதழுக்காக அலைந்த அலைச்சல், இவற்றையெல்லாம் அவன் குறையாகவே கருதவில்லை. "அது எல்லாருக்கும் உள்ளதுதானே, ஸார்" என்று விட்டுவிட்டான். அவனை வீழ்த்தியது பாடக் குறிப்பு!

அவனிடம் செல்போன் இருக்கிறது. திரையில் உள்ள எழுத்தை அது குரலில் படித்துக் காட்டும். கணினியில் இதே வேலையைச் செய்யும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளை ஆஸ்திரேலியாவில் கண்பார்வையற்ற இளைஞர் இருவர் 2006-இல் தொடங்கி, உலகத்துக்கு இனாமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஆசிரியர்கள் கொடுப்பதோ ஜெராக்ஸ் தாள். தாளைப் போன் எப்படிப் படிக்கும்? சிலர் பெருந்தன்மையோடு தாளைப் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். அதிலும் கையெழுத்துத்தான். ஒரே ஒருவர் மட்டும் ஒழுங்காகத் தட்டச்சுச் செய்த கோப்பையே கொடுத்தார். பையன் ஆவலோடு திறந்தான். 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் குரல், "எம், கே, செமிகோலன், கே, எச்" என்றது!

விஷயம் இதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது, கணினியின் வயிற்றில் ஆங்கில எழுத்தாகவே கிடக்கிறது. பார்வையுள்ளவர் தமிழைப் பார்க்கிறார்; பார்வையற்றவர் ஆங்கிலக் குப்பையைக் கேட்கிறார். தமிழக சர்க்கார் யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது 2010-இல். பாமினிக் கோப்பை யூனிகோடாக மாற்ற ஒரு நிமிஷம் போதும்; காலணாச் செலவு கிடையாது. ஆனால் அந்த ஒரு நிமிஷம் யாருடைய வேலை என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை. தொல்காப்பியம் கற்க வந்த பையன் ஒரு வருஷம் முழுவதும் செமிகோலன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்தது பரீட்சை. அவன் சொல்ல மற்றொருவர் எழுத வேண்டும். மத்திய சர்க்கார் 2018-இல் வெளியிட்ட விதிகளில், மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் அதிகப்படி நேரம் தரவேண்டும் என்று கண்டிருந்தது, நல்லது. எழுதுபவரைப் பரீட்சார்த்தியே அழைத்து வந்தால், அவர் இவனைவிட ஒரு படி குறைந்த படிப்புடையவராக இருக்க வேண்டும் என்றும் கண்டிருந்தது; திருட்டுத்தனத்தைத் தடுக்கவாம். அதன் நியாயம் நமக்கும் விளங்குகிறது. ஆனால் முந்நூறு பேர் வேலை நாளில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, இவனுக்காக ஒரு நாளைக் கொடுக்கக்கூடிய பிளஸ் டூ பிள்ளையை எங்கே தேடுவது? பட்டணத்துப் பையனுக்கு அத்தை மகனோ, அடுத்த வீட்டுப் பெண்ணோ உண்டு. மலைக் கிராமத்தில் அவனே அதிகம் படித்தவன். பரீட்சைக்கு முந்தின வாரம் மற்றப் பிள்ளைகள் பாடத்தைத் தேடுகிறார்கள். இவன் ஆளைத் தேடுகிறான்.

எழுத ஆள் கேட்பது தர்மம் கேட்பதன்று. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, நூற்றுக்கு 40 என்ற அளவுக்குக் குறைபாடு இல்லாதவருக்கும் தேவையிருந்தால் இவ்வுதவி உண்டு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு டில்லியில் இருக்கிறது. ஆளைத் தேடும் பொறுப்போ பையன் தலையில் இருக்கிறது.

இனி, கணக்கெடுக்கும் முறையைப் பார்ப்போம். கலாசாலைகளைச் சோதித்துத் தரம் கொடுக்க 1994-இல் ஏற்பட்ட தேசியக் குழு ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன் அது வழங்கிய கையேட்டில், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்ற தலைப்பின்கீழ் ஐந்து விஷயங்கள் இருந்தன: சாய்தளம் அல்லது லிப்டு, கழிப்பறை, வழிகாட்டும் பலகைகள், உதவிச் சாதனங்கள், கடைசியாக வாசிப்பவர், எழுதுபவர் முதலிய மனித உதவி. ஐந்தில் நான்கு இருந்தாலும் சரி, ஐந்தும் இருந்தாலும் சரி, ஒரே முதல் தரந்தான்! முதல் நான்கையும் கடையில் வாங்கலாம், கொத்தனாரை வைத்துக் கட்டலாம். ஐந்தாவதற்குத்தான் தினந்தோறும் ஒரு மனிதன் மெனக்கெட வேண்டும். எந்த ஒன்று விடுபடும் என்று ஊகிக்க ஜோசியம் வேண்டுமா?

அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலைக்கு 1962-இல் எட் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் வந்தார். போலியோவினால் உடல் முழுதும் செயலிழந்து, மூச்சுவிடவே யந்திரத்தை நம்பியிருந்தவர். தங்குவதற்கு இடம் கொடுத்தது கலாசாலை ஆஸ்பத்திரி! பிறகு அவரைப்போல் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். தங்களுக்கு வேண்டியது இன்னதென்று அவர்களே பட்டியல் போட்டார்கள். 1970-இல் அச்சர்வகலாசாலையில் ஏற்பட்ட உதவி நிலையத்தை உருவாக்கியவர்கள் அம்மாணவர்களே. கலிபோர்னியாவின் மறுவாழ்வு இலாகா முதலில் அவருக்கு உதவ மறுத்தது. 1975-இல் அவரே அவ்விலாகாவின் தலைவரானார்.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை மாநிலக் கல்லூரியில் 2007-ஆம் வருஷம் முதல் காது கேளாத மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. பாராட்டத்தக்க காரியம். ஆயினும் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் குழந்தையைச் சென்னைக்கு அனுப்பும் தாயாரின் மனநிலையைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

நமது ஜில்லாக் கலாசாலைகள் இப்பொழுது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. அங்கே உள்ளவர்கள் மனம் வைத்தால் சில காரியங்கள் இந்த வருஷமே நடக்கலாம். பாடக் குறிப்பெல்லாம் யூனிகோடில் இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. எழுதுபவர்களின் ஜாபிதாவைப் பருவத் தொடக்கத்திலேயே கலாசாலை தயார் செய்து, பக்கத்துப் பள்ளிகளோடு பேசி, அவர்களுக்குப் படியும் பஸ் செலவும் கொடுப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, வருஷத்துக்கு ஒருமுறை அம்மாணவர்களையே கூப்பிட்டு, ஆசிரியர் எவரும் இல்லாத அறையில், ஒரு சாதாரண நாள் எப்படிப் போயிற்று என்று சொல்லச் செய்து, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்வது. இடையில் நின்றுவிட்டவர்களின் வீட்டுக்கும் போய்க் கேட்க வேண்டும். அதற்கு மலையேற வேண்டியிருக்கும், ஏறட்டுமே!

நம் பையன் படிப்பை நிறுத்தவில்லை. பழைய கோப்புகளை வகுப்புத் தோழி ஒருத்தி மாற்றிக் கொடுத்துவிட்டாள். வருகிற பரீட்சைக்கு எழுத நமது பள்ளி மாணவி ஒருத்தி, பெற்றோர் சம்மதத்துடன் வருகிறாள். கணக்கில் கெட்டிக்காரி, இலக்கணச் சொல் எதுவும் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதிப் பழகுகிறாள். "குற்றியலுகரத்துக்கு எந்த 'ற', அண்ணா?" என்கிறாள். இன்னும் மூன்று ஞாயிறுகள் இருக்கின்றன.