நடுவரின் விரலும் கருவியின் கண்ணும்

நடுவர் என்னும் சொல்லுக்குள்ளேயே நடுநிலை அடங்கியிருக்கிறது. கிரிக்கெட் ஆட்டத்தில் அவர் ஒரு விரலை உயர்த்திவிட்டால், மட்டையாளர் மறுபேச்சின்றித் திரும்ப வேண்டும் என்பது நெடுங்கால மரபு. 1992ஆம் ஆண்டு டர்பன் நகரில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில், தொலைக்காட்சிப் படத்தைக் கண்டு தீர்ப்புக் கூறும் மூன்றாம் நடுவர் வந்தார். 2008இல் கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் ஆடியபோது, களநடுவரின் தீர்ப்பை எதிர்த்து ஆட்டக்காரரே மறுஆய்வு கோரும் உரிமை முதன்முறையாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. அன்று தொடங்கிய வாதம் ரசிகரிடையே இன்னும் ஓயவில்லை.

அவ்வாதம் சூடேறும்போதெல்லாம் அவர்கள் எடுத்துக்காட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. 2019 ஆகஸ்ட் 25ஆம் நாள், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ஆஷஸ் தொடரின் மூன்றாவது டெஸ்ட். முதல் இன்னிங்சில் 67 ஓட்டங்களுக்குச் சுருண்ட இங்கிலாந்துக்கு வெற்றி இலக்கு 359. ஒன்பதாவது விக்கெட்டு விழுந்தபோது இன்னும் 73 ஓட்டங்கள் தேவை. பென் ஸ்டோக்ஸ் கடைசி ஆட்டக்காரரான ஜேக் லீச்சைத் துணையாகக் கொண்டு போராடினார். வெற்றிக்கு இரண்டே ஓட்டங்கள் இருக்கையில், நேதன் லயன் வீசிய பந்து ஸ்டோக்சின் கால்காப்பில் பட்டது. ஆஸ்திரேலியர் அனைவரும் ஒரே குரலில் முறையிட்டனர். நடுவர் ஜோயல் வில்சன் விரலை உயர்த்தவில்லை. பந்து ஸ்டம்பைத் தாக்கியிருக்கும் என்று கருவி காட்டியது. ஆயினும் மறுஆய்வு கோர ஆஸ்திரேலியரிடம் உரிமை மிஞ்சியிருக்கவில்லை. அடுத்த ஓவரிலேயே இங்கிலாந்து ஒரு விக்கெட்டு வேறுபாட்டில் வென்றது.

ரசிகருள் ஒரு சாரார், பிழை கண் முன்னே தெரிந்தும் அதைத் திருத்த வழியில்லையெனில் கருவி எதற்கு என்று சினந்தனர். மற்றொரு சாராரோ, கருவி காட்டும் பாதையும் கணக்கிட்டுப் பெற்ற ஊகமே என்றனர். அவர்கள் கூற்றிலும் பொருளுண்டு. கால்காப்பில் தடைப்பட்ட பந்து அதன்பின் எங்குச் சென்றிருக்கும் என்பதைப் பல ஒளிப்படக் கருவிகளின் பதிவுகளைக் கொண்டு கணக்கிடுகின்றனர். அதனால்தான் பந்தின் விளிம்பு மட்டுமே ஸ்டம்பைத் தொடும் எனக் கருவி காட்டினால், களநடுவரின் தீர்ப்பே நிலைக்கும் என விதி வகுத்தனர். பந்து விலகிச் சென்றதாகவே தமக்குத் தோன்றியது என ஸ்டோக்சும் பின்னர்க் கூறினார்.

இவ்விரு சாராரும் எளிதில் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. அன்றைய விதிப்படி, ஓர் இன்னிங்சில் இருமுறை மறுஆய்வு கோரித் தோற்ற அணிக்கு அந்த உரிமை அற்றுப்போகும். ஆஸ்திரேலியரின் கடைசி வாய்ப்பு முந்தைய ஓவரில்தான் வீணாயிற்று. லீச்சின் கால்காப்பில் பட்ட அப்பந்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே தரையில் பட்டு எழுந்தது. அத்தகைய பந்துக்கு எல்.பி.டபிள்யூ. கொடுக்க விதியே இல்லை. வெற்றியின்மீது கொண்ட வேட்கை கண்ணை மறைத்தது. மறு ஓவரில் உண்மையாகவே முறையிட வேண்டிய வேளை வந்தபோது, அவர்கள் கைகட்டி நிற்க நேர்ந்தது.

நடுவர் பிழை செய்தார் என்பதை மறுப்பதற்கில்லை. நொடிப்பொழுதில் வெறுங்கண்ணால் கண்டு தீர்ப்பளிப்பவர் அவர். அப்பிழையைத் திருத்தும் உரிமை ஆட்டக்காரர் கையில் கொடுக்கப்பட்டிருந்தது. அதனை ஆத்திரத்தில் செலவிட்டவர்கள் அவர்களே. கண்ணின் குறையைக் கருவி ஓரளவு தீர்க்கும். மனத்தின் அவசரத்தை அடக்குதல் ஆடுவோரின் பொறுப்பாகவே இருக்கிறது.